தெரியுது, இறங்குங்க!

எங்கள் வீட்டில் டிவி பார்ப்பது நாலு பேர் வேலை. அப்பா மொட்டை மாடியில் ஆன்டெனா பைப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாடிப்படி முக்கில் நான். முற்றத்து ஜன்னலோரம் அக்கா. டிவிக்கு முன்னால் அம்மா. "தெரியுதா?" என்று மேலே கிளம்பும் கேள்வி என் வழியாக, அக்கா வழியாக இறங்கி அம்மாவிடம் சேரும். "இல்ல" என்ற பதில் அதே வழியில் ஏறி வருவதற்குள் அப்பா பைப்பை இன்னும் கொஞ்சம் திருப்பியிருப்பார். ஆக, அவர் காதில் விழுவதெல்லாம் முந்தின திசைக்கான தீர்ப்பு. நல்ல படம் வந்துபோன இடத்தைத் தேடித் திரும்பி வருவதற்குள் பாதி நிகழ்ச்சி முடிந்திருக்கும். இதற்கு இப்போது லேட்டன்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஊர் தூத்துக்குடி. மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இலேயே தொடங்கிவிட்டாலும் அதன் கோபுரத்துக்கு எங்கள் ஊர் எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்தார்கள். அந்த நாட்டிலேயே உயரமான பிதுருதலாகல மலையிலிருந்து கிளம்பிய அலை, மறிப்பதற்கு ஒன்றுமில்லாத கடலைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. சொந்தத் தலைநகரம் கண்டுகொள்ளாத தெருவை அடுத்த நாடு தத்தெடுத்துக்கொண்டது. சிங்களத்தில் ஒரு வார்த்தை தெரியாத நாங்கள் சிங்களச் செய்திகளைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தோம். பக்கத்து வீட்டு அண்ணாச்சி நடுநடுவே தலையை வேறு ஆட்டுவார்.

ஆன்டெனா என்பது ஆள் உயர மீன் முள். சாப்பிட்டு முடித்த நெய்மீனின் நடுமுள்ளைப் பைப்பில் சொருகியது போலிருக்கும். 1926இல் உடா, யாகி என்ற இரண்டு ஜப்பானியர்கள் கண்டுபிடித்த வடிவம் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆராய்ச்சியாளர் அப்பாதான். முள்ளில் காக்கை உட்கார்ந்தால் ஒரு கம்பி சாயும். உப்புக்காற்றில் வயர் சேரும் இடத்து ஸ்க்ரூ பச்சை பூத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன்னால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அப்பா அதை உப்புத்தாளால் தேய்ப்பார். செம்பு மினுங்கும்வரை விடமாட்டார். தேய்த்த இடத்தை எனக்குக் காட்டி, "பாத்தியால, இங்கனதான் படம் மாட்டிக்கிட்டு நின்னுச்சு" என்பார். நான் உற்றுப் பார்ப்பேன்.

காற்று அடங்கிப் புழுங்குகிற ராத்திரிகளில் மட்டும் படம் கண்ணாடி மாதிரி வரும். கடலுக்கு மேலே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் அடுக்காகப் படிந்துவிட்டால், அலை வானத்துக்குத் தப்பிப் போகாமல் வளைந்து நம் பக்கம் வருமாம். அன்றைக்கெல்லாம் தெரு முழுக்க வேர்த்துக்கொண்டு சிரிக்கும். மற்ற நாட்களில் திரையில் கொசுதான். படம் மோசமென்றால் மோசம் என்று டிவி முகத்துக்கு நேரே சொல்லிவிடும். இரைச்சலும் சேர்த்துப் போடும்.

இப்போது மேடவாக்கத்தில் அடுக்குமாடி வீடு. 150 எம்.பி.பி.எஸ். இணைப்பு. போன தீபாவளிக்கு வாங்கிய 55 அங்குல 4கே டிவி. அதில் படம் பார்த்தால் நடிகரின் முகம் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி வழவழவென்று இருக்கிறது. இருட்டுக் காட்சி வந்தால் கட்டம் கட்டமாக ஏதோ நகர்கிறது. கதாநாயகனா பீரோவா என்று சொல்ல முடியாது. ஆனால் கொசு இல்லை, இரைச்சல் இல்லை. எல்லாம் சரியாக இருப்பது போன்ற ஒரு பாவனை.

சேவை எண்ணுக்குப் போன் போட்டேன். "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா சார்?" பண்ணினேன். "இன்னொரு தடவை பண்ணுங்க சார்." அந்தக் காலத்தில் டிவி தலையில் ஒரு தட்டு தட்டுவோம். அதே வைத்தியம்தான், இப்போது காத்திருக்கும் நேரத்தில் பாட்டு போடுகிறார்கள்.

மகன் கல்லூரியில் இருந்து வந்தான். மோடத்துக்குப் பக்கத்தில் நின்று வேகம் அளந்தான்: 140. டிவிக்குப் பக்கத்தில்: 6. மோடம் எங்கே என்று தேடிப் போனால், படுக்கையறைப் பரணில், இரும்பு பீரோவுக்குப் பின்னால். கண்ணை உறுத்தாத இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னது நான்தான். அது ஒளிந்திருக்கிற இடத்திலிருந்து பீரோவையும் இரண்டு சுவரையும் தாண்டி, ஹாலில் இருக்கும் மீன்தொட்டியையும் தாண்டி அலை வரவேண்டும். இரும்பு தடுக்கும், தண்ணீர் குடித்துவிடும். மன்னார் வளைகுடாவைத் தாண்டிய அலைக்கு வாரிசு, ஒரு மீன்தொட்டியைத் தாண்டத் திணறுகிறது.

ஸ்டூல் போட்டு ஏறினேன். மோடத்தைக் கையில் ஏந்திக்கொண்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பினேன். நடையில் மகன். டிவிக்கு முன்னால், எண்பது வயதில், அம்மா.

"தெரியுதா?" என்றேன்.

"தெரியுது தெரியுது. இறங்குல!"

மகன் எட்டிப் பார்த்தான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் அம்மா ஒப்புக்கொண்டாள். அப்பாவுக்குத் தலைசுற்றல் உண்டு. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி. இருட்டத் தொடங்கினால் படம் எப்படியிருந்தாலும், "தெரியுது, இறங்குங்க" என்று சொல்லிவிடுவாளாம். அத்தனை வருஷமும் அப்பா தன் கைராசி என்று நம்பியது அதைத்தான். அக்காவுக்கு இது தெரியுமாம். எனக்குத்தான் தெரியவில்லை.

மோடத்தை ஹாலுக்குக் கொண்டுவந்து, டிவிக்கு லேன் கேபிளே இழுத்தாயிற்று. இப்போது டிவி பக்கத்திலேயே 90க்கு மேல் வேகம். 4கே படத்துக்கு 25 போதும். முகம் மட்டும் அதே சுண்ணாம்பு. மகன் விளக்கினான்: "ஒரே படத்தை நாலஞ்சு தரத்துல, சில செகண்ட் துண்டு துண்டா வெட்டி வச்சிருப்பாங்கப்பா. நெட்டு வேகத்தைப் பாத்து எந்தத் துண்டு வேணும்னு டிவிதான் கேக்கும். இது என்னமோ கீழ்த்தரத்தையே கேட்டுக்கிட்டு இருக்கு." பொன்னி அரிசிக்குக் காசு வாங்கிக்கொண்டு ரேஷன் அரிசியைச் சத்தமில்லாமல் பையில் கட்டிக் கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்காரனைத் திட்டத் தயாரானேன்.

ஓடிடி கணக்கின் உள்ளே போய்த் துழாவியவன், "அப்பா, நீங்க எப்பவாச்சும் இதைத் தொட்டீங்களா?" என்றான். டேட்டா உபயோகம்: குறைவு.

தொட்டிருந்தேன். 2020 மார்ச், ஊரடங்கு. கைபேசி இணைப்பில் ஹெச்.டி. வேண்டாம், 480 கோட்டுக்கு மேல் போகவேண்டாம் என்று ஓடிடி நிறுவனங்களே ஏப்ரல் 14 வரை அடக்கி வாசித்த நேரம். வீட்டில் ஒரே லைனில் மனைவிக்கு ஆபீஸ், மகனுக்கு வகுப்பு. குடும்பத் தலைவன் என்ற பொறுப்பில் நான் உள்ளே போய் "குறைவு" என்பதை அமுக்கினேன். ஏப்ரல் 14 போனது, கொரோனாவும் போனது, நான் அமுக்கியது அப்படியே இருந்தது. புது டிவிக்கும் அது கணக்கோடு சேர்ந்து வந்துவிட்டது.

இதில் இன்னொரு கூத்து. பழைய டிவி 625 கோடு. அதில் திரையில் காட்டுவது 576. கொசுவோடு சேர்த்துச் சொல்கிறேன், என்றாலும் 576. நானோ 4கே டிவி வாங்கி, தவணை கட்டிக்கொண்டு, 480க்கும் கீழே ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் அடுத்த ஞாயிறு உப்புத்தாளோடு வந்திருப்பார்.

மகன் "அதிகம்" என்று மாற்றினான். படம் படாரென்று திறந்துகொண்டது. கதாநாயகியின் மூக்குத்தியில் விளக்கு தெரிந்தது. நெற்றியில் பவுடர் திட்டு, விக் ஒட்டிய கோடு, அப்பாவாக நடித்தவரின் கன்னத்தில் அம்மைத் தழும்பு. நானும் மகனும் கை தட்டினோம். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏல, என்ன இது, பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கு? அந்தப் பிள்ளைக்கு இம்புட்டு வயசா? முன்னால அழகா இருந்தாளே. பழைய மாதிரியே வையி."

பாட்டிக்கென்று கணக்கில் தனியாக ஒரு புரொஃபைல் திறந்து கொடுத்திருக்கிறான் பேரன். அதில் "குறைவு".