பீலபெல்டில் அறுந்த பெல்ற்

ஹனோவர், ஞாயிறு இரவு.

ஊரில் எல்லோரும் சுகமா என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. இம்முறை கடிதக்காரருக்கு அதற்குப் பொறுமை இல்லை. நகக்கண்ணில் இன்னும் கரி இருக்கிறது. நடந்ததை 'நான்' என்று எழுத வெட்கமாகவும் இருக்கிறது. ஆகவே நடந்ததெல்லாம் கடிதக்காரர் என்ற ஒருவருக்கு நடந்ததாகவே வாசிக்கவும்.

அவரிடம் இருப்பது 1970ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் வான். 1600 சிசி, 47 குதிரைவலு, எஞ்சின் பின்னால். 1956 முதல் இந்த வான்களைச் செய்துவந்த ஹனோவர்த் தொழிற்சாலையில் பிறந்தது. ஜேர்மனியில் 30 வயது தாண்டிய வாகனம் நல்ல நிலையில் இருந்தால் அதன் இலக்கத்தகட்டில் 'எச்' என்ற எழுத்தைச் சேர்த்து மரியாதை செய்வார்கள். முப்பது வருடமாக இங்கே உழைக்கும் கடிதக்காரருக்கு அப்படி ஒரு எழுத்தும் கிடைக்கவில்லை. வானுக்கு இங்குள்ளவர்கள் வைத்த செல்லப்பெயர் 'புல்லி'. இந்தப் புல்லியின் உயிர் முழுவதும் ஒரு புல்லியில்தான் தொங்குகிறது என்பது இன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போவதாக ஏற்பாடு. ஏறக்குறைய 170 கிலோமீற்றர். வானில் மனிசி, பிள்ளைகள், மாமி, மச்சான், ஒரு பானை மோர். பீலபெல்டுக்குச் சற்று முன்னால், ஓய்விடத்துக்குத் திரும்பும் வழி தெரிந்த நேரத்தில், பின்னால் 'சடக்' என்றது. முன்னால் மீற்றர்ப் பலகையில் சிவப்பு லைற் எரிந்தது. எஞ்சினை அணைத்து, உருண்டே உள்ளே போய்ச் சேர்ந்தார்கள். அம்மன் அருள் என்றார் மாமி. இறக்கம் என்றான் மச்சான்.

பீலபெல்ட் என்று ஓர் ஊரே கிடையாது என்பது 1994இலிருந்து ஜேர்மன்காரர் சொல்லிச் சிரிக்கும் பகிடி. 2019இல் நகரசபையே, அதை நிரூபிப்பவருக்குப் பத்து இலட்சம் யூரோ தருவதாக அறிவித்தது. ஒருவருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நல்லது. இல்லாத ஊரில் பெல்ற் அறுந்திருக்காது.

வேறு கார் என்றால் டைனமோ நின்றாலும் பற்றறி தீரும்வரை ஓட்டிப் பார்க்கலாம். இதில் முடியாது. இது காற்றால் குளிரும் எஞ்சின். டைனமோவின் ஒரு நுனியில் பெல்ற் ஓடும் புல்லி, மறு நுனியில் எஞ்சினுக்குக் காற்று ஊதும் விசிறி. பெல்ற் போனால் மின்சாரமும் போச்சு, காற்றும் போச்சு.

"தம்பி, ரேடியேற்றருக்குத் தண்ணி விட்டுப் பாத்தனீங்களே?"

"இதுக்கு ரேடியேற்றர் இல்லை மாமி."

"ரேடியேற்றர் இல்லாததை ஏன் வாங்கினனீங்கள்?"

தொண்ணூறுகளில், பெற்றோல் வராத யாழ்ப்பாணத்தில், கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம். நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி எழுப்பிவிட்டு மிச்சத் தூரம் புகையோடு போகும். அந்தக் கார்களில் ஏறித் திரிந்த மாமிக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. மச்சானோ, பழைய ஆட்கள் நைலோன் காலுறையைப் பெல்றாகக் கட்டி ஓடிய கதையைத் தொடங்கினான். தேருக்குப் போகும் வானில் காலுறைக்கு எங்கே போவது? அவன் பார்வை மெல்ல மாமியின் சேலைக் கரையில் போய் நிற்க, மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

நல்லவேளை, வானை விற்ற கிழவர் ஒரு புதுப் பெல்றையும் 21 மில்லிமீற்றர் சாவியையும் சீற்றுக்கு அடியில் வைத்து விற்றிருந்தார். அதோடு, 1969இல் ஜோன் மியூர் என்ற அமெரிக்கர் இந்த எஞ்சின்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற புத்தகமும் வீட்டில் உண்டு. முழு முட்டாளுக்கான வழிகாட்டி என்று அட்டையிலேயே போட்டிருக்கும். பிறந்தநாள் பரிசாக மனிசி தேடிப் பிடித்து வாங்கித் தந்தது.

புத்தகம் வீட்டில். வேட்டிக்கு மேல் மஞ்சள் ஒளிச்சட்டையைப் போட்டுக்கொண்டு கடிதக்காரர் எஞ்சின் கதவைத் திறந்தார். (2014 முதல் அந்தச் சட்டை வாகனத்தில் இருந்தே ஆக வேண்டும். வேட்டியைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை.)

ஊர்க் கார்களில் பெல்றை இறுக்க டைனமோவையே நெம்பித் தள்ளுவார்கள். இதில் டைனமோ அசையாது. அதன் புல்லி இரண்டு வட்டங்களாகக் கழலும். நடுவில் மெல்லிய வாசர்கள். ஒன்றிரண்டை எடுத்தால் வட்டங்கள் நெருங்கும், பெல்ற் மேலேறி உட்காரும், இறுகும். எடுத்த வாசரை எறியவும் கூடாது. வெளிப்பக்கம், நட்டுக்கு அடியில் போட்டு வைக்க வேண்டும். உள்வட்டத்தின் விளிம்பில் இருக்கும் வெட்டில் திருப்புளியைக் கொடுத்து முட்டுக்கொடுத்தால் புல்லி சுழலாது. நட்டைக் கழற்றலாம். தெரிந்தவருக்குக் கால்மணி நேர வேலை.

முதல்முறை, எஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றி இறுக்க வேண்டும் என்பது நினைவில் இல்லாமல் ஒரேயடியாக இறுக்கினார். பெல்ற் இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் மாட்டி நசிந்தது. இரண்டாம்முறை வீணைத் தந்திபோல இறுகிவிட்டது. பெருவிரலால் அழுத்தினால் 15 மில்லிமீற்றர் அளவுக்குத் தாழ வேண்டும். அதற்குமேல் இறுக்கினால் டைனமோவின் பெயாரிங் தேயும், தளர விட்டால் பெல்ற் வழுக்கும். மூன்றாம்முறை சரி வந்தது. அதற்குள் பக்கத்தில் வண்டி நிறுத்திய ஒரு ஜேர்மன் தாத்தா, தானும் இப்படியொரு வானில் இத்தாலிக்குப் போன கதையைச் சொல்லி முடித்து, ஒரு குவளை மோரும் குடித்திருந்தார்.

ஹம் போய்ச் சேர்ந்தபோது தேர் இருப்புக்கு வந்துவிட்டது. அர்ச்சனைத் தட்டில் காசு போட கடிதக்காரர் வேட்டி மடிப்புக்குள் கைவிட்டார். 'டங்' என்று விழுந்தது காசல்ல. நடுவில் ஓட்டையோடு ஒரு வாசர்.

ஐயர் அதைப் பார்த்தார். மாமி கடிதக்காரரைப் பார்த்தார்.

"அது அங்க இருக்க வேண்டியதே, இஞ்ச இருக்க வேண்டியதே?"

மிச்ச வாசர்தான், ஒன்றும் ஆகாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். திரும்பி வந்த 170 கிலோமீற்றரும் வானில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் அந்தச் சிவப்பு லைற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.