பிஜிலிக்குப் பத்தியம்

விருதுநகரில் சரக்கை யாரும் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிட மாட்டார்கள். வத்தல் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, காம்பைக் கிள்ளி, ஒடித்து, முகர்ந்து, விதையை உள்ளங்கையில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஈரம் கிடக்கு அண்ணாச்சி" என்று முகத்தைச் சுளித்துத் திருப்பிப் போடுவார்கள். ஈரம் இருக்கிறதோ இல்லையோ, விலையில் இரண்டு ரூபாய் இறங்கும். மண்டியில் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த நாடகம் பழகிப்போனது. ஆனால் ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு பறவை, என் வீட்டுக் கூடத்தில், முருங்கைக் கீரைக் கொத்து ஒன்றை வைத்துக்கொண்டு இதே நாடகத்தை ஆடிக் காட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பறவை ஒரு காக்கடீல் கிளி. பெயர் பிஜிலி. என் மனைவிக்குச் சொந்த ஊர் சிவகாசி. பிஜிலி வெடி மாதிரி உருவம் சிறுசு, சத்தம் பெருசு என்பதால் அவள் சூட்டிய பெயர் அது. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, திடுக்கிட்டால் நட்டுக்கொள்ளும் கொண்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கிளின்னா பச்சையால்ல இருக்கணும்?" பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருந்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் கதவைத் தட்டும் என்று விளக்குவேன். உடனே அடுத்த கேள்வி வரும்: "ஜோசியம் சொல்லுமா?"

2024 மக்களவைத் தேர்தலில் கடலூரில் நின்ற இயக்குநர் தங்கர் பச்சானுக்கு ஒரு கிளி சீட்டு எடுத்துக் கொடுத்தது. வெற்றி நிச்சயம் என்றார் ஜோசியர். கிளியை வனத்துறை கொண்டுபோனது. தொகுதியைக் காங்கிரஸ் கொண்டுபோனது. சீட்டுக்கு ஒரு நெல் என்று தின்று வாழ்கிற பறவையிடம் அதற்குமேல் என்ன எதிர்பார்க்க முடியும் என்பது கல்லூரியில் படிக்கும் என் மகளின் கட்சி. எங்கள் வீட்டில் சாப்பாட்டு அரசியல் ஆரம்பித்தது அவளால்தான்.

பிஜிலி நெல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்குச் சூரியகாந்தி விதைதான் வேண்டும். கிண்ணத்தில் தினை, சாமை எல்லாம் கலந்து வைத்தால் அலகால் ஒரு வாரு வாரி, மற்றதைத் தரைக்கு அனுப்பிவிட்டு விதையை மட்டும் பொறுக்கும். விதையை அலகுக்குக் குறுக்கே நிறுத்தி, நாக்கால் உருட்டி, விளிம்பில் ஒரு அழுத்து; தோல் இரண்டாகப் பிளந்து கிண்ணத்திலேயே விழும், பருப்பு உள்ளே போகும். எங்கள் ஊர் தால் மில்காரர்கள் வந்து பார்க்க வேண்டிய வேலை.

தும்மல் நிற்கவில்லை, கூண்டின் மேல்கம்பிக்குப் பறக்கவும் முடியவில்லை என்று மதுரையில் பறவை பார்க்கிற டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் நெஞ்சைத் தடவினார். கையில் தட்டுப்பட வேண்டிய நெஞ்செலும்பு சதைக்குள் புதைந்து கிடந்தது. அலகைத் திறந்து வெளிச்சம் அடித்து, மேலண்ணத்தில் சின்னச் சின்ன முட்களாக இருக்க வேண்டியவை மழுங்கிப் போயிருப்பதைக் காட்டினார். வைட்டமின் ஏ பற்றாக்குறை. "விதையில அது கிடையாது, கால்சியமும் கம்மி. சூரியகாந்திப் பருப்புல பாதிக்குப் பாதி எண்ணெய்தான். உங்களுக்கு எந்த ஊரு?"

விருதுநகர் என்றேன்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வாரா வாரம் பேப்பரில் வரும் மார்க்கெட் நிலவரத்தில் பதினைந்து கிலோ எண்ணெய் டின் என்ன விலை என்று பார்த்துவிட்டுத்தான் நாட்டு நடப்புக்குள் போகிற ஊர். புரோட்டாவைக் கல்லில் சுடாமல் எண்ணெயில் முக்கிப் பொரிக்கிற ஊர். பறவைக்கு மட்டும் எங்கிருந்து வேறு புத்தி வரும்?

டாக்டர் சொன்ன முறை இது. காலையில் பசி நேரத்தில் கீரை, கேரட், அவித்த சர்க்கரைவள்ளி, முளைகட்டிய பயறு. மாலையில் அளந்து கொஞ்சம் விதை. வாரம் ஆக ஆக விதையைக் குறைக்க வேண்டும். தினமும் கிராம் தராசில் நிறுத்து எழுத வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு இறங்கினால் பத்தியத்தை நிறுத்திவிட்டு அவரிடம் ஓடி வர வேண்டும். "பசிச்சா தானாத் திங்கும்னு பட்டினி மட்டும் போடாதீங்க. நூறு கிராம் உடம்பு, தாங்காது. கிண்ணம் நிறைஞ்சிருக்குன்னு ஏமாறாதீங்க, ஊதிப் பாருங்க, எல்லாம் தோலா இருக்கும்." கொடுக்கவே கூடாதவை: வெண்ணெய்ப் பழம், சாக்லேட், வெங்காயம், காபி, உப்புப் போட்ட பண்டம். கடைசி வார்த்தையைக் கேட்டதும் என் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாத்தூர்ச் சேவு எந்த வழியாகக் கூண்டுக்குள் போய்க்கொண்டிருந்தது என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெளிநாட்டுக் குருணைத் தீனி ஒன்றும் உண்டு; எல்லாச் சத்தும் அதில் அடக்கம் என்றார். விலை முந்திரிப் பருப்பைத் தாண்டியிருந்தது. பிஜிலி அதை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு, மூழ்குகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. அந்த அத்தியாயம் அத்தோடு முடிந்தது.

முருங்கைக் கீரைக்குத்தான் முழு நாடகமும் நடந்தது. கொத்தைக் கம்பியில் சொருகினாள் மகள். பிஜிலி பக்கவாட்டில் நடந்து வந்தது. ஒரு இலையைக் கிள்ளியது. நாக்கால் தொட்டது. தலையை உதறி இலையைக் கீழே விட்டது. கம்பியில் அலகை இருபக்கமும் துடைத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. ஈரம் கிடக்கு அண்ணாச்சி.

நான் மண்டியிலிருந்து பழுத்த மிளகாய் கொண்டு வந்தேன். பறவைகளுக்கு மிளகாய் உறைக்காது. நம் நாக்கில் உறைப்பைப் பிடிக்கிற நரம்பு வாசல் அவற்றுக்கும் உண்டு. ஆனால் மிளகாயின் காரச்சத்து அந்த வாசலைத் திறக்காது. அதனால்தான் காட்டில் பறவைகள் மிளகாயைத் தின்று விதையை ஊர் ஊராகப் பரப்புகின்றன. சிவப்பு மிளகாயில் வைட்டமின் ஏ-யும் தாராளம். மண்டியில் ஆட்கள் தும்மித் தும்மிச் சாகிற சரக்கை பிஜிலி ஆசையாக அலகில் வாங்கிக்கொண்டது. நான் பெருமையோடு எல்லோரையும் கூப்பிட்டேன். வந்து பார்ப்பதற்குள் அது தோலை நெடுகக் கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த விதைகளை மட்டும் எண்ணித் தின்றுகொண்டிருந்தது.

என் மாமியார் சிவகாசியிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டார். "ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில இருக்க கிளி தெனமும் எலையிலதான செய்றாங்க? அதுல ஒரு விதை உண்டா?" வாஸ்தவம். மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடம்பு, நந்தியாவட்டை இலையும் பனையோலையும் இறக்கை, கட்டுவதற்கு வாழைநார் என்று தினம் ஒன்றாகப் புதிதாய்க் கட்டி ஆண்டாளின் இடக்கையில் வைக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தின் ஆரோக்கியமான கிளி அதுதான். அதே இலைகளைப் பறித்துப் பிஜிலிக்குக் கொடுக்கலாமே என்று மாமியார் புறப்பட்டபோது மகள் வாசலை மறித்துக்கொண்டாள். பச்சை மரவள்ளி இலையில் சயனைடு உண்டு. அந்தக் கிளிக்கு வைக்கிற அரளி மொட்டு அதைவிட மோசம். கட்டி வைக்கலாம், கொத்தித் தின்னக் கூடாது. சமாதானத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் கும்பிட்டுவிட்டுப் பால்கோவா வாங்கி வந்தோம். பத்தியத்தில் இருந்தது பிஜிலி மட்டும்தானே.

இதற்கிடையில் கூண்டின் அடித்தட்டு எங்களுக்குப் பஞ்சாங்கம் ஆகிவிட்டது. சிவகாசி அச்சகத்தில் வேலை பார்க்கும் மச்சான், அச்சுப் பிசகிய தினசரி காலண்டர் தாள்களைக் கட்டுக் கட்டாகத் தருவார். அதைத்தான் விரிப்போம். எச்சம் வழக்கம்போல் விழுந்தால் சரி. கரும்பச்சையில் சொட்டு சொட்டாக இருந்தால் உள்ளே சாப்பாடு போகவில்லை என்று அர்த்தம். தினமும் காலையில் மூன்று பேர் குனிந்து நின்று, மிதுன ராசியில் எத்தனை, கடகத்தில் எத்தனை, என்ன நிறம் என்று பார்ப்போம். கிளி மனுஷனுக்கு ஜோசியம் பார்த்த காலம் போய்விட்டது.

எச்சமும் சரி, எடையும் சரி. அதுதான் புதிர். கீரை அப்படியே கிடக்கிறது, மாலையில் விதை நாலு சிட்டிகை, ஆனால் தராசில் ஒரு கிராம் ஏறியிருக்கிறது! கணக்கெழுதுகிறவனுக்கு இது தூக்கம் கெடுக்கும் சமாச்சாரம். வரத்து இல்லாமல் இருப்பு எப்படி ஏறும்? ஒருநாள் மத்தியானம் அப்பா எழுந்து நடந்தபோது, அவர் வேட்டி மடியிலிருந்து சூரியகாந்தி விதைகள் வரிசையாக உதிர்ந்துகொண்டே போயின.

"பிள்ளை கேக்குது, எப்படிடா குடுக்காம இருக்க?" என்றார்.

மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அவரிடமே யோசனை கேட்டாள். அவள் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். அறுபது வருஷம் சரக்கு விற்ற மனிதர். ஒரு கொண்டைக் கிளியிடம் கீரை விற்க முடியாதா?

"சும்மா குடுத்தா எவன் வாங்குவான் தாயி? வாங்குறவன் பக்கத்துல நின்னு இன்னொருத்தன் விலை கேக்கணும். அப்பத்தான் இவனுக்குக் கை அரிக்கும்."

இதைத்தான் டாக்டரும் வேறு மாதிரிச் சொல்லியிருந்தார்: கூட்டமாக இரை தேடும் பறவை, கூட்டத்தில் ஒருவர் தின்பதைப் பார்த்தால்தான் நம்பித் தின்னும். எங்கள் கூட்டத்தில் பிஜிலி தலைவராக ஏற்றுக்கொண்டது அப்பாவை. அப்பாவோ கீரையை மாட்டுத் தீவனம் என்று ஆயுள் முழுக்க ஒதுக்கியவர்.

ஆனாலும் உட்கார்ந்தார். வதக்காத, உப்பில்லாத, வெங்காயம் போடாத முருங்கை இலை ஒரு தட்டில். பிஜிலியை மேஜையின் மறுகோடியில் விட்டோம். அப்பா ஒரு இலையை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, "அடாடாடா" என்றார். கொண்டை எழுந்தது. இரண்டாவது இலை. "இந்தச் சரக்கு இனிமே கிடைக்காது." பிஜிலி நடக்க ஆரம்பித்தது. அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக் கையால் மறைத்தார். அது அவர் முழங்கையைச் சுற்றி வந்தது. அவர் தட்டை அந்தப் பக்கம் நகர்த்தினார். பிஜிலி அவர் விரல் இடுக்கில் தலையை நுழைத்து, ஒரு காம்பை இலையோடு உருவி, மேஜையின் மறுகோடிக்கு ஓடியது. ஓடிப்போய், முதுகைக் காட்டி நின்று, அவசர அவசரமாகத் தின்றது. எங்கள் யாருக்கும் மூச்சு வரவில்லை. அப்பாவுக்கு மட்டும் வாயில் மிச்சம் இருந்தது. துப்பினால் வியாபாரம் கெட்டுவிடும் என்று விழுங்கினார்.

அதற்குப் பிறகு கேரட், சர்க்கரைவள்ளி, முளைப்பயறு எல்லாமே திருட்டுச் சரக்காகத்தான் உள்ளே போயின. கூண்டுக் கிண்ணத்தில் வைத்தால் இன்றைக்கும் தொடாது. தீபாவளி வாரத்தில் மட்டும் பத்தியத்துக்கு விடுமுறை விட்டோம். இருட்டில் சின்னச் சத்தத்துக்கும் மிரண்டு கூண்டில் அடித்துக்கொள்கிற ஜாதி இது, புகையும் ஆகாது. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காக ஊரே வெடி போடுவதில்லை என்று மகள் சொன்னாள். "நல்ல ஊருதான். எல்லா ஊரும் அப்படி ஆயிட்டா எங்க ஊருல அடுப்பு எரிய வேண்டாமா?" என்றாள் என் மனைவி. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததால் நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

இப்போது சூரியகாந்தி விதை சம்பளம் மட்டும்தான். தராசில் ஏறி நின்றால் ஒன்று, கூண்டுக்குள் தானாகப் போனால் ஒன்று. தும்மல் நின்றுவிட்டது. காலையில் கூடத்தை இரண்டு சுற்றுப் பறந்து காலண்டர் ஆணியில் இறங்குகிறது. அப்பாவுக்கும் தினமும் கீரைதான். நாடகத்தை நிறுத்தினால் கிராக்கி விழுந்துவிடும் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்திருந்தார். மேஜையில் நடக்கும் கொள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பேரன் கீரையைக் கண்டாலே ஓடுறான். பெரியவரையும் கிளியையும் ஒரு வாரம் எங்க வீட்டுக்கு அனுப்பி வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாள் வாடகையா பெரியப்பா, இல்ல கிலோவுக்குக் கமிஷனா?"