கொதிக்கும் ஏரியும் ஒரு வாளி வெந்நீரும்

பிறந்த நாள் முதலாக வெந்நீரில் அன்றி ஸ்நானம் செய்தறியாத தேகம் என்னுடையது. அக்கினி நட்சத்திரத்து நடுப்பகலில், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே கையைச் சுடுகிறதென்று என் சகதர்மிணி எத்தனை எடுத்துச் சொன்னாலும், அது வெயிலின் சூடேயொழிய வெந்நீரின் சூடு ஆகாதென்று வாதாடி ஜெயித்தவன் நான். ஆகையால், அமெரிக்காவிலிருக்கும் என் புதல்வன் டெலிபோனில், "அப்பா, இந்தத் தடவை நீங்கள் இரண்டு பேரும் வரும்போது டொமினிக்காவுக்குப் போகலாம்; அங்கே ஓர் ஏரியே கொதிக்கிறது" என்று சொன்னபோது, எத்தனை மணி நடக்க வேண்டும் என்ற ஒரு கேள்வியைக்கூடக் கேளாமல் நான் சம்மதித்ததில் ஆச்சரியமில்லை.

டொமினிக்கா வேறு, டொமினிகன் குடியரசு வேறு. இதை நண்பர்களுக்கு விளக்குவதிலேயே புறப்படுவதற்கு முந்தைய வாரம் கழிந்தது. நம்முடையது கரீபியன் கடலில் சுமார் 750 சதுர கிலோமீட்டரே உள்ள தீவு; ஜனத்தொகை ஏறக்குறைய 70,000. இந்தச் சிறிய இடத்துக்குள் 9 எரிமலைகள் உயிரோடு படுத்திருக்கின்றன. கொலம்பஸ் 1493 நவம்பர் 3ஆம் தேதி இதன் அருகே வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் ஞாயிறு என்ற பொருளிலேயே பெயரிட்டார். இறங்கத் துறை அகப்படாமல் அப்படியே போய்விட்டார். முழங்கால் வலிக்காரர்கள் பின்பற்றத் தக்க முன்னோடி என்று நான் பின்னால் அவரைப் பலமுறை நினைத்துக்கொண்டேன். தீவின் பூர்வ குடிகளான கலினாகோக்கள் வைத்திருந்த பெயரோ 'வைடுகுபுலி'. நெடிய மேனியாள் என்று அர்த்தம். மேனி முழுதும் பச்சை. 1,447 மீட்டர் வரை உயர்ந்த மலை. மலையுச்சியில் சதா மேகம்.

விமான நிலையத்திலிருந்து ரோஸோ நகருக்கு எங்களை ஏற்றிச் சென்ற டிரைவர், நாங்கள் சென்னைக்காரர்கள் என்று அறிந்ததும், ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கைகளையும் தூக்கி, "அஸ்வின்!" என்று கூவினார். 2023 ஜூலையில் அந்த ஊர் வின்ட்ஸர் பார்க் மைதானத்தில் அஸ்வின் 12 விக்கெட்டுகளைச் சாய்த்ததை அவர் மறக்கவில்லை. அந்த அபராதத்துக்கு நாங்கள்தான் ஈடு செய்ய வேண்டுமோ என்று அஞ்சும்படியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி பறந்தது. போகிற போக்கில், இத்தீவில் வருஷத்தின் நாளுக்கு ஒன்றாக 365 ஆறுகள் உண்டென்று சொன்னார். "லீப் வருஷத்தில் என்ன செய்வீர்கள்?" என்றேன். "அதிகப்படியான அந்த ஒரு நாளைக்கு மழையே ஆறாக ஓடும்" என்றார். என் ஆயுளில் நான் கேட்ட கேள்விகளுக்கு இத்தனை திருப்தியான பதில் அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கிறது.

விடுதியில் குளிக்கும் அறைக் குழாயைத் திருப்பினேன். பச்சைத் தண்ணீர். ஹீட்டருக்கு ஏதோ ஓர் உறுப்பு கப்பலில் வரவேண்டுமாம். காலடியில் 9 எரிமலைகள் இருக்க, கப்பலை எதிர்பார்த்து ஒரு மனிதன் குளிக்காமல் நிற்பதாவது! கொதிக்கும் ஏரி இருக்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

பெயரிடுவதில் இத்தீவார் அலங்காரப் பிரியர் அல்லர். நன்னீர் இருக்கும் ஏரிக்கு நன்னீர் ஏரி. கொதிக்கும் ஏரிக்குக் கொதிக்கும் ஏரி. இந்தச் சத்திய சந்ததை ஏரிகளோடு நின்றுவிட்டதென்பதை, 'மலைக்கோழி' என்று இவர்கள் அழைப்பது உண்மையில் ஒரு பெரிய தவளை என்று அறிந்தபோது உணர்ந்தேன். ஒரு காலத்தில் தேசிய உணவாகவே விளங்கிய அந்தப் பிராணி, 2002க்குப் பின் பரவிய பூஞ்சை நோயால் அருகிப்போய், இப்போது பிடிப்பதே குற்றம். எனக்குச் சீமைப்பலாவும் சேப்பங்கிழங்கும் கிடைத்தன. சேப்பங்கிழங்கை வறுக்காமல் வேகவைத்து மட்டும் பரிமாறுகிறார்கள் என்பதைத் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை.

நன்னீர் ஏரியைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய என் மனச்சாட்சி இடம் தராது. சுமார் 2,500 அடி உயரத்தில் அது இருக்கும் இடத்தைப் பார்த்தேன். அவ்விடத்தில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தும் அது எழுந்திருக்கவில்லை. தீவிலேயே பெரிய ஏரி அதுதான் என்று பலகையில் எழுதியிருந்ததை நம்பிக்கொண்டு திரும்பினோம்.

மறுநாள் விடியற்காலையில் லௌடா என்ற மலைக்கிராமத்திலிருந்து நானும் புதல்வனும் வழிகாட்டியுடன் புறப்பட்டோம். போக வர 13 கிலோமீட்டர் என்றார்கள். சமதரையில் அது ஒரு பெரிய காரியமன்று. ஆனால் இங்கே, மரக்கட்டைகளைப் பதித்த படிகளில் ஏறி, ஏறியதையெல்லாம் மறுபுறத்தில் இறங்கி, இறங்கியதற்குப் பிராயச்சித்தமாக மறுபடியும் ஏறி, ஒவ்வொரு முகட்டிலும் "இன்னும் இருபது நிமிஷம்தான்" என்ற வழிகாட்டியின் அமுத மொழியைக் கேட்டுக் கேட்டு நடக்கவேண்டும். அந்த இருபது நிமிஷத்தை நான் ஒன்பது தடவை நடந்தேன். வழிகாட்டியோ காலில் சாதாரண ரப்பர் செருப்போடு, சீட்டியடித்துக்கொண்டு முன்னே போனார்.

அப்புறம் பாழ்நிலப் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்ற இடம் வருகிறது. அதுவரை வழி நெடுக வந்த பச்சை திடீரென்று அற்றுப்போய், மஞ்சளும் துருச்சிவப்புமாகப் பாறைகள். பால் போல ஓர் ஓடை, மை போல இன்னோர் ஓடை. அழுகிய முட்டையின் நாற்றத்தோடு தரையின் துவாரங்களிலிருந்து சீறும் ஆவி. அப்படிக் கொதித்த குழி ஒன்றில் வழிகாட்டி நல்ல முட்டைகளையே இட்டு வேகவைத்தார். புதல்வன் இரண்டு தின்றான். முட்டையைத் தொடாத குலத்தில் பிறந்ததற்காக நான் வருந்திய ஒரே சந்தர்ப்பம் அது.

கடைசியில் ஏரி. முதலில் வெறும் ஆவிதான் தெரிந்தது. இதுவும் நன்னீர் ஏரியின் கதைதான் என்று நான் பெருமூச்சு விடும்போது காற்று ஒரு பக்கமாக வீச, செங்குத்தான கரைகளுக்கு நடுவே சுமார் 60 மீட்டர் அகலத்தில், சாம்பல் கலந்த நீல நிறத்தில், நூறு கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த உலை போல நடுவில் பொங்கிப் புரண்டுகொண்டிருந்தது அந்த ஜலம். மழையும் சிற்றோடைகளும் கொண்டுவந்து தேக்குகிற நீரை எரிமலையின் வயிற்றிலிருந்து கிளம்பும் ஆவி அடியிலிருந்து கொதிக்க வைக்கிறது. ஓரத்திலேயே 82 முதல் 92 டிகிரி சூடு. நடுவில் போய் அளக்க யாரால் முடியும்? 2004 டிசம்பரில் இந்த ஏரி சொல்லாமல் கொள்ளாமல் வற்றி, மறு வருஷம் திரும்பி வந்து வேலையை ஒப்புக்கொண்டதாம். என் தோளில் இருந்த துண்டையும் கையிலிருந்த சோப்புப் பெட்டியையும் வழிகாட்டி அப்போதுதான் கவனித்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த நாள் டிரஃபால்கர் அருவிகளுக்கு என் மனைவியும் வந்தாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அருவிகள். உயரமானதற்குத் தந்தை என்று பெயர். குள்ளமாக இருந்தாலும் ஆரவாரமாகத் தண்ணீரைக் கொட்டுவதற்குத் தாய் என்று பெயர். தந்தையின் பக்கத்தில் மட்டும் கந்தக வெந்நீர் ஊற்று. இவ்விவரங்களை நிதானமாகக் கேட்டுக்கொண்ட என் மனைவி, "உயரம் அவருக்கு, உழைப்பு அவளுக்கு, வெந்நீரும் அவருக்கேதானா? சமுத்திரம் தாண்டி வந்தும் இதுதானா?" என்றாள். முதல்நாள் மழையில் ஆறு பெருகியிருந்தபடியால், பாறைகளைத் தாண்டி ஊற்றுக்குப் போகக்கூடாதென்று தடுத்துவிட்டார்கள். அதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம் என்றே நினைக்கிறேன்.

லௌடாவுக்கு அருகில் பூமியின் உஷ்ணத்தைக் கொண்டே மின்சாரம் எடுக்கும் முயற்சி அப்போது நடந்துகொண்டிருந்தது. அது விரைவில் பலித்து, விடுதிகளின் குளிக்கும் அறைவரை வந்து சேரவேண்டும் என்பதே என் பிரார்த்தனையாக இருந்தது. அன்று சாயங்காலம் விடுதிக்காரப் பெண்மணி மனமிரங்கி, ஒரு வாளி வெந்நீர் கொடுத்தனுப்பினார். காஸ் அடுப்பில் காய்ச்சியது.