தலைகீழாப் படிச்சவன் சொல்றேன்

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. செல்போன் தண்ணித் தொட்டியில விழுந்து, பத்திரம், பட்டா படமெல்லாம் அதோட முழுகிப்போச்சுன்னு உங்கம்மா சொன்னா. அதுக்குப் போய் அழுவாங்களா? பர்கூர் இன்ஜினியரிங் காலேஜ்ல நாலு வருசம் படிச்ச புள்ள நீ. 1994ல அந்தக் காலேஜைத் தொறந்தவங்க கேட்டா மனசு நோவாது?

நான் எட்டாவதுதான். அதையும் தலைகீழாப் படிச்சேன். கிருஷ்ணகிரியில ஒரு அச்சாபீசுல கம்பாசிட்டர் வேலை. கையில ஸ்டிக்கைப் புடிச்சு ஈய எழுத்தை ஒவ்வொண்ணாக் கோத்தா, வரி தலைகீழாத்தான் தெரியும். அதனால நான் சொல்றது உனக்குத் தலைகீழாப் பட்டா, அது என் தொழில் தோசம்.

நம்ம சீமையில மொதத் தாளு கல்லுதான். மாட்டைக் களவாண்டவங்களத் தொரத்திப் போய்ச் செத்தவனுக்கு நடுகல் நட்டு, வட்டெழுத்துல சேதி வெட்டி வச்சாங்க. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துல போய்ப் பாரு. அதே கல்லை இன்னைக்குப் பாலிஷ் போட்டுக் கப்பல் ஏத்துறோம், எழுதுறதுக்கு மட்டும் ஃப்ளெக்ஸ் வாங்குறோம். போன மாசம் உன் கூட்டாளிக்குப் பொறந்தநாள் பேனர் கட்டினீங்களே, இப்ப அது எங்க இருக்கு தெரியுமா? நம்ம மாட்டுக் கொட்டாய்க்குக் கூரையா இருக்கு. மாட்டுக்காவ உசுர வுட்டவன் கல்லுல நிக்கிறான், இவன் மாட்டு மேல வெயில் படாமப் பாத்துக்கறான். ரெண்டும் புண்ணியந்தான்.

கல்லுக்கப்புறம் ஓலை. எழுத்தாணியால புள்ளி குத்தினா ஓலை கிழிஞ்சிரும்னு புள்ளியே வெக்காம வுட்டாங்க. அப்பக் குறில்னு காட்டுறதே புள்ளிதான்; அது இல்லாம எரிக்கும் ஏரிக்கும் வித்தியாசம் படிக்கிறவன் புத்தியில இருக்கணும். அப்புறம் இத்தாலியிலருந்து வந்த வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி உருவம் கொடுத்தாருன்னு சொல்வாங்க. நீ வாட்ஸ்அப்ல மெய்யெழுத்தை முழுங்கி அனுப்புறியே, அதை ஓலைப் பரம்பரைன்னு நெனச்சு மன்னிச்சுட்டேன்.

இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிக்கிறதையும் நீ என்னமோ புதுசாக் கண்டுபுடிச்ச மாதிரிதான் அலட்டுற. 1554லயே போர்ச்சுக்கீசுக்காரன் லிஸ்பன்ல ரோமன் எழுத்துல தமிழை அச்சடிச்சிட்டான். 1578ல கொல்லத்துல தம்பிரான் வணக்கம்ங்கிற புத்தகத்தைத் தமிழ் எழுத்துலயே போட்டுட்டாங்க. வெள்ளைக்காரப் பாதிரிங்களுக்குத் தமிழ் எழுத்துக்கு வர 24 வருசம் ஆச்சு. உனக்கு எத்தனை வருசம் ஆவும், கண்ணு?

எங்க காலத்துல எழுத்துப் பெட்டி வீடு மாதிரி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அறை. யானைத் தும்பிக்கை மாதிரி வளையுற பழைய ‘ணை’, ‘லை’க்குத் தனி ஈயம் வேணும். பெரியார் 1935லயே குடி அரசு பத்திரிகையில அதையெல்லாம் மாத்திப் போட்டுக் காட்டினாரு. எம்.ஜி.ஆர் 1978ல ஆணை போட்டாரு, 13 எழுத்து உருவம் மாறிச்சு. ஊர்ல பெரியவங்க தமிழு செத்துச்சுன்னாங்க. எனக்கு வெரலு பொழைச்சுது.

அதே எம்.ஜி.ஆர் 1980ல ஊர்க் கணக்கெழுதுற கர்ணம் வேலையையும் ஒழிச்சாரு. அதுவரைக்கும் நம்ம நெலம் கர்ணத்தோட நோட்டுலதான் இருந்துச்சு. அவரு திண்ணைக்கு முன்னாடி துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கணும். “கர்ணம் ஊர்ல இல்லே”ன்னு உள்ளேருந்து சத்தம் வரும், பாதி நாள் அவரு கொரலாவே இருக்கும். இப்ப நீ உங்கம்மா போனைத் தூக்கிக்கிட்டு, “பட்டா ஆன்லைன்லயே இருக்கு தாத்தா”ங்கற. எடேன் பாக்கலாம். சர்வர் வேலை செய்யலையாமா? திண்ணைதான் மாறியிருக்கு, உள்ளேருந்து வர்ற கொரலு மாறல.

என் வேலையைத் தின்ன கம்ப்யூட்டர் மேல எனக்குக் கோவமில்ல. ஆனா அது வந்த புதுசுல கடைக்கு ஒரு ஃபான்ட் வச்சிருந்தாங்க. இங்க அடிச்ச கல்யாணப் பத்திரிகையை அடுத்த கடையில தொறந்தா, மாப்பிள்ளை பேரு இருக்கிற எடத்துல வாய்க்கு வராத குறியா நிக்கும். யூனிகோடு பரவினப்புறந்தான் அந்தக் கூத்து அடங்கிச்சு. அன்னைக்கு ஃப்ளாப்பியில போட்டு வச்சதைப் படிக்க இன்னைக்கு இந்தத் தெருவுல ஒரு மிசின் இல்ல. உ.வே. சாமிநாதையரு பாரு, செல்லரிச்ச ஓலைகளைத் தேடித் தேடிச் சேத்து, 1887ல சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டாந்தாரு. ஓலைங்க கெட்டியா இருந்ததாலன்னு நெனைக்காத. ஒண்ணு இத்துப்போறதுக்குள்ள எவனோ ஒருத்தன் குந்தி இன்னொண்ணுல படி எடுத்தான், அடுத்த தலமுறையில இன்னொருத்தன். படி எடுக்காததை ஆடிப்பெருக்குல ஆத்துல வுட்டாங்க. நீயும் வுட்டுட்ட, தொட்டியில.

சரி, மூக்கைத் தொடை. நீ பத்திரத்தைப் போட்டோ புடிச்ச அன்னைக்கே நான் ஜெராக்ஸ் கடைக்குப் போயி ரெண்டு நகல் போட்டுட்டேன். ஒண்ணு டிரங்குப் பெட்டியில, வசம்புத் துண்டோட. சாவி இந்தா. எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல தேதி போட்டுக் கையெழுத்து வை.

தமிழ்லடா, கண்ணு. புள்ளி வெச்சு.