கேட்டுப் பார்த்து விற்கலாம்

அப்பா விட்டுப்போன பழைய நேஷனல் ஸ்டீல் கிதார், முழுக்க உலோகம், உள்ளே மூன்று கூம்பு. பக்கத்துத் தெரு கிதார் மாஸ்டர் கேட்கிறார். அமெரிக்காவில் விற்றால் அதிகம் கிடைக்கும் என்கிறான் மகன். யாருக்குக் கொடுக்கலாம்?
*(வாசகர், லேக் மார்க்கெட், கொல்கத்தா)*

மாஸ்டருக்கு. கண்ணை மூடிக்கொண்டு அல்ல, காதைத் திறந்துகொண்டு. ஒலிபெருக்கி பரவாத காலத்தில், வாத்தியக் கூட்டத்துக்கு நடுவே தன் ஹவாயன் கிதாரும் கேட்க வேண்டும் என்று ஜார்ஜ் பீச்சம் விரும்பினார். ஜான் டோப்பியேரா 6 அங்குல அலுமினியக் கூம்புகள் மூன்றை உள்ளே வைத்து வழி கண்டார். 1927-இல் லாஸ் ஏஞ்சலஸில் விற்பனைக்கு வந்த அந்தக் கிதாரின் உயிர் அந்தக் கூம்புகள்தான். கை பட்டாலே நசுங்கும் அளவுக்கு மெல்லியவை. அவற்றைக் கடல் கடத்தும் செலவு, காப்பீடு, தரகு எல்லாம் கழித்த பிறகு மகன் சொல்லும் தொகையை மறுபடி எழுதச் சொல்லுங்கள். நூறு வயது தாண்டிய கலை, கைவினைப் பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. உங்கள் கிதாரும் அந்த வயதை நெருங்குகிறது.

மாஸ்டரை வீட்டுக்கு அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே அதிர்கிறது, எந்தத் தந்தி மங்குகிறது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். இந்த நேர்மையை எந்தப் புகைப்படமும் தராது.

என் ஸ்டீல் கிதாரில் தந்திகள் இவ்வளவு உயரத்தில் நிற்கின்றன, பழுது என்று பாதி விலை பேசுகிறார் ஒருவர்.
*(வாசகி, ஹவுரா)*

காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கையில் பிடிக்கும் ஸ்டீல் பார் தந்தியின் மேல் வழுக்கிப் போக வேண்டும், ஃப்ரெட் கம்பியைத் தொடவே கூடாது. அந்த உயரம் நோய் இல்லை, ஜாதகமே அப்படி. சதுரக் கழுத்து என்றால் மடியில் கிடத்தி வாசிக்க மட்டுமே. சாதாரண கிதாராகப் பிடிக்க நினைப்பவருக்கு விற்றால், அவர் அடுத்த வாரம் ரம்பம் தேடுவார்.

விற்கும் முன் பாலிஷ் போடலாமா?
*(வாசகர், சென்னை)*

வேண்டாம். நிக்கல் பூச்சு தேய்ந்தால் திரும்ப வராது. பழைய பெட்டி, பழைய பார் எதையும் எறியாதீர்கள்.

இந்தக் காலத்தில் இதை யார் வாசிக்கிறார்கள்?
*(வாசகர், பவானிபூர்)*

இருப்பது கொல்கத்தாவில், கேட்பது இந்தக் கேள்வியா! ஹவாயிலிருந்து வந்த டாவ் மோ 1940-களில் இங்கே தங்கி வாசித்தார். அந்த ஒலி வங்காளிகளைப் பிடித்துக்கொண்டது. ரவீந்திர சங்கீதம் ஸ்டீல் கிதாரில் ஒலித்தது. சுனில் கங்குலி சினிமாப் பாட்டை வாசித்து வீடு வீடாக இசைத்தட்டுகளில் நுழைந்தார். பிரிஜ் பூஷண் காப்ரா அதே கிதாரில் ராகம் வாசித்தார். 1967-இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டை இன்றும் கேட்கலாம். காப்ராவின் சீடர் தேபாஷிஷ் பட்டாசார்யா உங்கள் ஊர்க்காரர். உலகத்தில் வாங்குபவரைத் தேடுவதற்குமுன் உங்கள் பேட்டையில் விசாரியுங்கள்.

வாங்க வந்தவர் நீண்ட நேரம் வாசித்துவிட்டு, 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று போனால்?
*(வாசகி, சால்ட் லேக்)*

போகட்டும். விரல் மறக்காது, திரும்பி வருவார். வந்ததும் பணத்தை எண்ணி வாங்கி, தலைப்பகுதியில் உள்ள வரிசை எண்ணை ரசீதில் எழுதிக் கொடுங்கள். கொஞ்சம் விலை குறைக்கச் சொன்னால் குறையுங்கள், பதிலுக்கு அவருடைய அடுத்த கச்சேரியில் முன்வரிசையில் இரண்டு இருக்கை கேட்டு வாங்குங்கள்.