‘கேட்’ என்னும் சொல்: ஒரு திருச்சிராப்பள்ளி ஆராய்ச்சி

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் குடியேறிய சொற்களுள் ‘பஸ்’, ‘டிக்கெட்’ முதலியவை வந்த வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு அடக்கமாக இருக்க, ‘கேட்’ என்ற ஓரசைச் சொல் மாத்திரம் திருச்சிராப்பள்ளியில் பேட்டைக்கு ஓர் அர்த்தமும் வேளைக்கு ஒரு பிரயோகமுமாக வியாபித்து நிற்பதைக் கண்டும், பண்டிதர்கள் இது விஷயமாக மௌனம் சாதிப்பது பெருங்குறையே ஆகும். ஏழு பிராகாரங்களும் 21 கோபுரங்களும் உடையதாய், அவற்றுள் ராஜகோபுரத்தை 1987-இல் 236 அடி உயரத்தில் பூர்த்தி செய்துகொண்ட ஸ்ரீரங்கத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் ஊருக்கு, வாசலைக் குறிக்க ஓர் இரவல் சொல் எதற்கு என்பதே இங்கு எழும் வினா.

‘கேட் என்றால் வாசல், அவ்வளவுதானே’ என்று அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு வாதிப்பவர்களின் கூற்றைப் பூர்வபட்சமாகக் கொள்வோம். ரங்கா ரங்கா கோபுரத்தையும் கார்த்திகை கோபுரத்தையும் கடந்து, கருடாழ்வாரைச் சேவித்து, உள்ளே போகிற அடியார்களில் ஒருவராவது ஆர்யபடாள் வாசலை ‘ஆர்யபடாள் கேட்’ என்று சொல்லி நாம் செவியுற்றதில்லை. அன்றியும், மார்கழி விடியலில் அடுக்குமாடிக் கட்டடத்து இரும்புக் கேட்டுக்கு நேர் எதிரே குனிந்து புள்ளி வைக்கும் அம்மாளை விசாரித்தாலும், ‘வாசல்ல கோலம் போடறேன்’ என்பாரே தவிர, ‘கேட்ல’ என்று மறந்தும் சொல்லார். எனவே வாசல் வேறு, கேட் வேறு. பூர்வபட்சம் விழுந்தது.

இனி நமது சித்தாந்தம். கேட் என்பது ‘கேள்’ என்னும் தாதுவினின்று பிறந்தது. எவ்விடத்தில் ஒருவன் நம்மை நிறுத்தி ஏதேனும் ஒன்றைக் கேட்கிறானோ அவ்விடம் கேட். அடுக்குமாடிக் காவலாளி ‘யாரைப் பாக்கணும்?’ என்று கேட்கிறார். ஆகவே அது கேட். பொன்மலை ரயில்வே பணிமனையின் ஆர்மரி கேட்டில் தொழிற்சங்கத்தார் கோரிக்கைகளைக் கேட்கிறார்கள். துண்டுப் பிரசுரத்தில் அதை ‘வாயிற்கூட்டம்’ என்று செந்தமிழில் அச்சிட்டாலும், தொழிலாளர் வாயில் அது ‘கேட் மீட்டிங்’ ஆவதற்குக் காரணம் இதுவே. துவாக்குடி என்.ஐ.டி. பிள்ளைகள் ‘கேட் எழுதறேன்’ என்று இரவெல்லாம் விழித்திருக்கும் பரீட்சையிலோ, 3 மணி நேரத்தில் 65 கேள்விகள் கேட்கப்படுகின்றன. எதிர்மறைத் திருஷ்டாந்தமும் உண்டு. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதை நம் ஜனங்கள் ஷட்டர் என்றும் மதகு என்றும் சொல்கிறார்களேயொழிய கேட் என்பதில்லை. காவிரியை யாரும் எதுவும் கேட்பதில்லையல்லவா?

இவையனைத்துக்கும் சிகரமான பிரமாணம் ஸ்ரீரங்கம் பெரிய கோயிலிலேயே இருக்கிறது. ஆர்யபடாள் வாசலுக்கும் உள்ளே ‘நாழிகேட்டான் வாசல்’. பெருமாளுடைய காலங்களை விசாரித்து அறியும் இடமாதலின் வந்த பெயர் என்று பெரியோர் வியாக்கியானம் செய்வர். கும்பினியார் காவிரியைக் கண்ணால் காண்பதற்கு முன்னமேயே கேட்டும் வாசலும் ஒரே நிலைப்படியில் சேர்ந்து நின்றிருக்க, ஆங்கிலத்திலிருந்து நாம் கடன் வாங்கினோம் என்பது எவ்வளவு அபாண்டம்! கடன் எந்தத் திசையில் போயிற்று என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்வார்களாக.

‘அப்படியானால் டோல்கேட்டில் யார் எதைக் கேட்கிறார்கள்?’ என்பது கடுமையான ஆட்சேபம். கொள்ளிடத்தின் வடகரையில் நம்பர் ஒன் டோல்கேட்டும் ஊரின் தென்புறத்தில் டி.வி.எஸ். டோல்கேட்டும் கண்டக்டர்களின் கண்டத்தில் நாள் முழுதும் ஒலித்தாலும், அவ்விரண்டு இடங்களிலும் சுங்கமும் இல்லை, தடுப்புக் கட்டையும் இல்லை. மெய்யாகவே பணம் வாங்கும் சமயபுரத்திலோ ‘சுங்கச்சாவடி’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். இதற்குச் சமாதானம் இலக்கணத்தில் இருக்கிறது. ‘கேட்டு’ என்பது இறந்தகால வினையெச்சம். முன்னொரு காலத்தில் கேட்டு முடித்த இடங்கள் இவை. மெயின்கார்டு கேட்டும் இந்த ரகத்தைச் சேர்ந்ததே. கோட்டை மதில் போய், அகழி தூர்ந்து, ‘யாரடா அங்கே’ என்று கேட்ட சிப்பாயும் போய், வளைவு மட்டும் லூர்து மாதா கோயிலுக்குப் பக்கத்தில் நிற்க, ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ‘மெங்காட்கேட் எறங்கு’ என்கிற குரல் மிஞ்சியிருக்கிறது. (மதில் இருந்த சுற்றில் போட்ட ‘பூலவார்டு’ வீதிகள் மேலப்புலிவார்டு, கீழப்புலிவார்டு என்று புலிகளாகிவிட்ட ஊர் இது, தனி ஆராய்ச்சிக்கு உரியது.)

வேற்றுமை உருபு ஏற்கையில் இச்சொல் விளைவிக்கும் அனர்த்தம் கொஞ்சமன்று. ‘கேட்டில் நிற்கிறான்’ என்றால் இரும்புக் கதவருகில் நிற்கிறானா, கேடுகாலத்தில் நிற்கிறானா? ‘கேட்டை’ என்றாலோ ஒரு நட்சத்திரமே நடுவில் வந்து புகுந்துகொள்கிறது. ரயில்வே கேட் விஷயத்தில் ‘போடு’ என்னும் வினை மூடுதலையும் ‘எடு’ என்பது திறத்தலையும் குறிக்கும். ‘கேட் போட்டுட்டான்’ என்பதில் அந்த ‘ஆன்’ யாரென்று ஒருவரும் கேட்பதில்லை. தாமதமாக ஆபீசுக்கு வருவோர் இவ்வாக்கியத்தை உச்சரித்த மாத்திரத்தில் சகல பாபமும் நீங்குவது பிரசித்தம். மேம்பாலம் கட்டி முடித்த தடங்களிலும் இச்சமாதானம் சில வருஷம் ஜீவித்திருக்கும்.

எஞ்சுவது ஒரே சந்தேகம். வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கும் தருணத்தில் பாஸ் கேட்கிறார்களே, நமது சித்தாந்தப்படி அதுவும் கேட் ஆகாதோ? ஆகாது. பாஸ் கேட்கிற மூங்கில் தடுப்பு வரையில் கேட், அதற்கப்பால் வாசல். இரண்டுக்கும் எல்லை துல்லியமாக எந்தக் கல்லில் விழுகிறதென்று நிர்ணயிக்கும் பொருட்டு, அன்று கூட்டத்தில் நெருக்குண்டு நின்ற மாமி ஒருவரிடம் விநயமாக விசாரித்ததில், ‘பேசாம நகருங்கோ சார்’ என்பதே விடையாகக் கிடைத்தது.