ஐபெக் சேர்

யட்டியாந்தோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி "இங்கிலிஷ் சேர் எங்க இருக்காரு?" என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "ஐபெக் சேர்" என்று கேளுங்கள். வெற்றிலைக் கடைக்காரர் எச்சிலைத் துப்பிவிட்டு எதிர்க்கடை மாடியைக் காட்டுவார். தோட்டத்து டவுன் என்று ஒன்று இருந்தால் அதில் இப்படி ஒருவர் இருந்தே தீருவார். தெரணியகலையிலும் தெஹியோவிட்டையிலும் பட்டப்பெயர் வேறாக இருக்கலாம், ஆள் ஒன்றுதான்.

முப்பது வருஷம் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து பென்ஷன் காசோடு இறங்கியவர். முழுக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, வெயிலிலும் குடை. சனிக்கிழமை மூன்று மணிக்கு வகுப்பு. பெஞ்சுகள் நான்கு, பிள்ளைகள் நாற்பது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மலையேறி வருகிற இங்கிலிஷ் டீச்சர்கள் பெரும்பாலும் இடமாற்றக் கடிதம் கிடைத்த கையோடு இறங்கிவிடுவார்கள். மலையிலேயே இருந்தவர் சேர் ஒருவர்தான்.

மற்ற ஊர்களில் ஆங்கிலம் 'ஏ ஃபோர் ஆப்பிள்' என்று தொடங்கும். சேரிடம் லீவு லெட்டரில்தான் தொடங்கும். 'ஐ பெக் டு இன்ஃபோர்ம் யூ.' முதல் நாளே இதை நூறு தரம் எழுத வேண்டும். பட்டப்பெயர் வந்த கதை அதுதான்.

ஒரு நாள் ஒரு பயல் எழுந்து, "பெக்னா என்னாங்க சேர்?" என்று கேட்டான்.

"பிச்சை கேக்குறது."

"காச்சலும் எனக்குத்தான், பிச்சையும் நான்தான் கேக்கணுமாங்க?"

அவனைப் பெஞ்சு மேல் ஏற்றினார். வகுப்பு முடியும்வரை அவன் இறங்கவில்லை. அதற்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினான், அதுவும் 'ஐ பெக் டு' என்றுதான் தொடங்கியது.

கடிதத்தின் வால் இன்னும் முக்கியம். 'யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்.' இதில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் லீவு கிடைக்காது என்பது சேரின் நம்பிக்கை. எங்கள் தாத்தா நாற்பது வருஷம் ரப்பர் பால் வெட்டினார். பணிவுள்ள ஊழியன் என்று ஒரு தாளிலும் அவர் எழுதிக் கொடுத்ததில்லை. பெருவிரலை மையில் தொட்டு வைத்ததோடு சரி. தாத்தாவிடம் குறையிருந்தது என்று சேர் சொல்ல மாட்டார், ஆனால் "அந்த லெட்டருக்கு எண்டிங் இல்லியே" என்று வருத்தப்படுவார்.

உச்சரிப்பில் அவருக்கு ஒரே ஒரு விரதம். 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் 'இ' வரக்கூடாது. ஆனால் கேகாலை மாவட்டத்து மழை தகரக் கூரையில் இறங்கிவிட்டால், 'இ' வந்ததா வரவில்லையா என்று அவர் காதுக்கே எட்டாது. அன்றைக்கு எல்லோரும் பாஸ்.

எங்கள் அப்பாயி பள்ளிக்கூடப் படி மிதித்ததில்லை. ஆனால் விடியுமுன்னே லயத்திலிருந்து பிரட்டுக்குப் போவாள், செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்ததா என்று பார்ப்பாள், மழை பிடித்தால் "இன்னக்கி அரைப்பேருதான்" என்று முணுமுணுப்பாள். பரேட்தான் பிரட்டு, லைன்தான் லயம், ஹாஃப் நேம்தான் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். வகுப்பில் பாதிப் பேரைவிட அவளுக்கு அதிகம் இங்கிலிஷ் தெரியும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது இங்கிலிஷ் இல்ல தம்பி, வேலை."

ஒரு காலத்தில் தலைகீழாக நடந்திருக்கிறது. கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரச் சின்னத் துரைகள் தமிழ் படித்தாக வேண்டும். அதற்கென்று 19ஆம் நூற்றாண்டிலேயே கொழும்பில் ஒரு கைப்புத்தகம் அச்சானது. அதன் பெயரே 'இங்கே வா'. அவர்கள் படித்த முதல் தமிழ் 'இங்கே வா', நாங்கள் படித்த முதல் இங்கிலிஷ் 'ஐ பெக் டு'. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒழுங்கான ஒரு சம்பாஷணை கிடைக்கிறது.

சேருக்குத் தொகுதிப் பெருமையும் உண்டு. 1960 முதல் 1977 வரை யட்டியாந்தோட்டையின் எம்.பி. டொக்டர் என்.எம். பெரேரா; லண்டனில் இரண்டு டொக்டர் பட்டம் வாங்கியவர், நிதி மந்திரியாக இருந்தவர். அந்த இங்கிலிஷ் களனி ஆற்றுத் தண்ணீர் வழியாகத் தன்வரை வந்து சேர்ந்தது போலச் சேர் பேசுவார். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை என்பதை இடையில் சொல்லமாட்டார். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு வந்த போர்ம்களை நிரப்பிக் கொடுத்தே கைப்பழக்கம் வந்தவர் அவருக்கு முந்திய கிளாக்கர். ஒரே குடும்பத்தில் அப்பன் பெயர் நாலு தாளில் நாலு ஸ்பெல்லிங். அதைத் திருத்திக் கொடுப்பதுதான் இன்றும் சேருக்கு டியூசனைவிடப் பெரிய வரும்படி.

2009இல் அரசாங்கம் 'ஆங்கிலத்தை நம் வழியில் பேசுவோம்' என்று ஓர் இயக்கம் தொடங்கியது. சேர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நம்ம வழின்னா, கிராமர் எந்த வழியில போறது?" சிங்களப் பையன்கள் இங்கிலிஷுக்கு 'கடுவ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வாள் என்று அர்த்தம், வெட்டுகிற சாமான். சேர் கையிலும் அந்த வாள் இருக்கிறது, உறையை விட்டு மட்டும் எடுத்ததில்லை. புதுத் துரை பேச்சுக் கொடுத்தால் அவருக்குத் தொண்டை கட்டிவிடும். எழுதிக் கேட்டால் பதில் நாலு பக்கம்.

போன மாசியில் இரண்டு வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று வழி கேட்டார்கள். ஆள் ஓடிச் சேரைக் கூட்டி வந்தது. சேர் சட்டைக் கைப் பொத்தானைப் போட்டார், தொண்டையைச் செருமினார், மனதுக்குள் வசனத்தை அடுக்கத் தொடங்கினார். 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் என்குவாரி' வரை வந்திருப்பார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. அதற்குள் கித்துல்கலையில் ரப்பர் படகு ஓட்டுகிற பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே சத்தம் போட்டான்: "கித்துல்கல? கோ கோ, ரிவர் ரிவர், நோ டர்ன்!" வெள்ளைக்காரர்கள் கைகூப்பிவிட்டுப் போனார்கள்.

சேர் வெகுநேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவன் சொன்னதுல ஒரு சப்ஜெக்ட் இல்ல பாத்தியா?" என்றார்.

படகுப் பையன் இப்போது மாலைதீவு ஹோட்டல் ஒன்றுக்கு வேலைக்கு எழுதிப் போடப் போகிறானாம். நேற்று மாடிப்படியில் அவனைப் பார்த்தேன். கையில் கோடு போட்ட தாள், பக்கத்தில் சேர், முதல் வரி தயாராக இருந்தது: 'ஐ பெக் டு அப்ளை.'